கரையில் கிடந்த படகு



இம்மாதம் 14-ந் தேதி நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. மீனினம் பெருகுவதற்காக நமது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-ந் தேதி முதல் 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாதென்பது சட்டம். அந்த நாட்களில் காசிமேட்டுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே யாரும் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை. படகைக் கரையேற்றி, பாசியைச் சுரண்டி, உளுத்ததை எடுத்து, புதியதை வைத்து, வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் பெரம்பூர்க்காரர்கள். நமக்கும் கடலுக்கும் நடுவே இராயபுரம் இருக்கிறது. ஆயினும் பழுது பார்ப்பது என்றால் என்னவென்று நமக்கு வேறொருவர் சொல்லித் தரவேண்டியதில்லை. ஊரூராய் ஓடித் தேய்ந்த ரயில் பெட்டிகள் நமது காரேஜ் ஒர்க்ஸுக்குள் வருகின்றன. அவற்றைச் சக்கரங்களிலிருந்து தூக்கி, பிரித்து, சோதித்து, செப்பனிட்டு அனுப்பும்போது, அடுத்தமுறை எப்போது வரவேண்டும் என்ற தேதியையும் பெட்டியின்மேல் எழுதி அனுப்புகிறார்கள். பெட்டி பழுதாகிவிட்டதே என்று அங்கே ஒருவரும் ஆச்சரியப்படுவதில்லை. ஓடுகிற பெட்டி பழுதாகத்தான் செய்யும். அந்த விவேகத்தைப் பெட்டிக்குக் காட்டுகிற நாம், மனிதருக்குக் காட்டுகிறோமா? இன்று இதைப்பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு வீடுகளை மந்திரிக்கச் சென்றபோது, ஒரு சந்தில் ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போனேன். ரயில்வேயில் தச்சுவேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூசைக்குத் தவறாதவர். வீட்டின் பின்கட்டில், தார்ப்பாய்ப் பந்தலின் கீழே, கட்டைகளின்மேல் ஒரு மரப்படகு நின்றது. பதினாறு அடி நீளம். அதைப் பழவேற்காட்டிலிருந்து லாரியில் கொண்டுவந்து உள்ளே ஏற்றுவதற்கு வாசல் கேட்டையே கழற்ற வேண்டியதாயிற்றாம். அக்கம்பக்கத்தார் அவருக்கு "நோவா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இங்கே கடல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டவர்களுக்கு, 2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் படகு ஓடியதை நினைப்பூட்டி வாயை அடைத்துவிடுகிறார் அவர்!

அந்தப் படகின் மறுபக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பழைய வர்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெரியவருடைய அண்ணன் மகன். அவரை எனக்குத் தெரியும். என்னைக் கண்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையில் குனிய வேண்டியவன் நான்தான். அவர்கள் இருவரின் சம்மதத்தோடும், பெயர் சொல்லாமலும், அதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் அறைவீட்டு வாசலுக்கு வந்தார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டுமென்று கேட்டார். காலை பத்து மணிக்கே வாயில் சாராய வாடை. "தெளிந்த பிறகு வா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நியாயமான வார்த்தைதான் சொன்னேன் என்று அன்று நினைத்தேன். மறுநாள் அவருடைய மனைவி வந்து சர்டிபிகேட்டை வாங்கிப் போனாள். அவர் திரும்பி வரவேயில்லை. நானும் அவரைத் தேடிப் போகவில்லை. வழிதவறின ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுப்போன மேய்ப்பனைப்பற்றி அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை பிரசங்கம் செய்தேனோ, எனக்கே தெரியாது.

நான் செய்யாததை அந்தப் பெரியவர் செய்தார். அந்தப் படகு அவருடைய இறந்துபோன அண்ணனுடையது. அதிலேதான் அண்ணன் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அவர் போனபிறகு மகன் வலைகளை விற்றுக் குடித்தார். பட்டணத்துக்கு வந்து, கிடைத்த வேலையையும் இழந்தார். மனைவியும் பிள்ளையும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்கள். படகு ஆறு வருஷம் கரையில் கிடந்தது. சென்ற வருஷக் கடைசியில் பெரியவர் முதலில் அண்ணன் மகனை வைத்தியரிடம் அழைத்துப் போய்க் காட்டினார்; பிறகு படகைக் கொண்டுவந்தார். "இது உங்கப்பன் படகு. எனக்குக் கை நடுங்குது, நீ பிடி, நான் சொல்றேன்" என்று உளியை அவர் கையில் கொடுத்தார்.

நான் அந்தப் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். "கடல் தண்ணீர் இதை இவ்வளவு அரித்துவிட்டதா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "உப்புத் தண்ணியிலே மரம் லேசிலே உளுக்காது, சாமி. அங்கே துளைக்கிற புழு உண்டு. அதைப் பார்த்துக்கிட்டா போதும். இதைக் கெடுத்தது மழைத்தண்ணி. கரையிலே மல்லாந்து கிடந்து, மழைத்தண்ணி உள்ளேயே தங்கித் தங்கி உளுத்துப்போச்சு. ஓடிக்கிட்டிருந்தா இன்னும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

பிரியமானவர்களே, இந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாயிருந்தது. மனிதன் அலையில் அடிபட்டதனால் மாத்திரம் கெடுவதில்லை. அலையில் அடிபட்டவனை யாரும் ஏறெடுத்துப் பாராமல் கரையில் போட்டுவிடுவதனாலும் கெடுகிறான். வேலை இல்லை, வீட்டில் இடம் இல்லை, கோயிலில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. அப்படிக் கிடக்கிறவனுக்குள் வெட்கமும் கசப்பும் மழைத்தண்ணீரைப்போல் தேங்குகின்றன. பிறகு நாம் வந்து பார்த்து, "கடல் கெடுத்துவிட்டது" என்கிறோம்.

பழுது பார்க்கிற முறையையும் அவரிடம் கேட்டறிந்தேன். அதில் நமக்கு வேண்டிய ஞான உபதேசம் நிறைய இருக்கிறது.

முதலாவது, வர்ணம் பூசுவது கடைசி வேலை. அவசரக்காரன் அதையே முதலில் செய்கிறான். படகு பார்வைக்குப் புதிதாகிவிடும். உள்ளே உளுத்தது உளுத்தபடி இருக்கும். நல்ல தச்சன் பழைய வர்ணத்தை எல்லாம் சுரண்டி எடுத்து, பலகையைச் சுத்தியால் தட்டிக்கொண்டே போகிறான். நல்ல மரம் கணீரென்கிறது. உளுத்த மரம் மந்தமாய் ஒலிக்கிறது. சந்தேகமுள்ள இடத்தில் கத்திமுனையால் குத்திப் பார்க்கிறான். நாம் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்ய வேண்டிய ஆத்துமசோதனை இதுவே. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்பது வர்ணம் மாத்திரம். தட்டிப் பார்த்தால் என்ன சத்தம் வருகிறது?

இரண்டாவது, கெட்ட பலகைகளை எல்லாம் ஒரே நாளில் பிடுங்கக்கூடாது. அப்படிப் பிடுங்கினால், உள்ளே விலா எலும்புகளைப்போல் நிற்கும் வங்குக்கால்கள் தொய்ந்து, படகின் உருவமே போய்விடும். வெளியே முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஒரு பலகையைக் கழற்றி, அதற்குப் பதிலை வைத்து முடுக்கிய பிறகே அடுத்த பலகையைத் தொடவேண்டும். மனந்திரும்புகிறவனிடம் அவனுடைய முப்பது வருஷத்துக் குற்றங்களையும் ஒரே சாயங்காலத்தில் எடுத்துக்காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். குடியை விட்டானா? இன்றைக்கு அது போதும். கடனைப்பற்றியும் கோபத்தைப்பற்றியும் நாளைக்குப் பேசுவோம்.

மூன்றாவது, ஒட்டு. பலகை முழுவதும் கெடாமல் ஒரு பகுதி மாத்திரம் கெட்டிருந்தால், அந்தப் பகுதியை அறுத்துப் புதுமரத்தை ஒட்டுகிறார்கள். நேராய் அறுத்து முனையோடு முனை வைத்தால் அந்த ஒட்டு நிற்காது. இரண்டையும் சாய்வாய்ச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி சேர்க்கவேண்டும். பலகை ஒரு அங்குல கனமானால் சாய்வு எட்டு அங்குலம் வேண்டுமாம். நல்ல பழைய மரமும் புது மரமும் அவ்வளவு தூரம் கூடவே போகவேண்டும். ஒருவனுக்குப் புத்திசொல்ல விரும்புகிறவர்களே, நீங்கள் அவனோடு எவ்வளவு தூரம் கூடப் போகிறீர்கள்? வாசற்படியில் நின்று நான் சொன்ன ஒற்றை வார்த்தை முனையோடு முனை வைத்த ஒட்டு. அது நிற்கவில்லை.

நாலாவது, கலப்பத்து அடிப்பது. பலகைகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில் பஞ்சுத்திரியை உளியால் திணித்து, எண்ணெயில் காய்ச்சின குங்கிலியத்தைப் பூசுகிறார்கள். தண்ணீர் புகாதபடி இறுக்கி அடிக்கவேண்டியதுதானே என்று நினைப்போம். "இங்கேதான் சாமி, கை தெரிஞ்சிருக்கணும்" என்றார் பெரியவர். கரையில் காய்ந்து சுருங்கிய மரம் தண்ணீரில் இறங்கினதும் ஊறிப் பருக்கும். காய்ந்திருக்கும்போதே பலத்தை எல்லாம் காட்டி அடித்துவிட்டால், பருப்பதற்கு இடமில்லாமல் பலகை பிதுங்கும், ஆணி பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சின இறுக்கம் படகை உடைக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்கு அர்ச். சின்னப்பருடைய நினைவு வந்தது. அவர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில், ஒருவன் குற்றத்தில் விழுந்தால் மற்றவர்கள் அவனைச் சாந்த குணத்தோடு சீர்ப்படுத்த வேண்டுமென்றும், தாங்களும் சோதனையில் விழாதபடி எச்சரிக்கையாய் இருக்கவேண்டுமென்றும் போதிக்கிறார். சேசுநாதர் சுவாமி யாகப்பரையும் அருளப்பரையும் அழைத்தபோது, அவர்கள் தங்கள் தகப்பனாகிய செபதேயுவோடு படகில் உட்கார்ந்து வலைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வலையைப் பழுது பார்ப்பதற்கு அங்கேயும், விழுந்த மனிதனைச் சீர்ப்படுத்துவதற்கு இங்கேயும், கிரேக்க மூலத்தில் இருப்பது ஒரே சொல். குருமடத்தில் படித்தபோது இதை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது இந்தப் பின்கட்டில்தான்.

நமது கரையோரத்து முன்னோர் இந்தச் சாந்த குணத்தைத் தங்கள் தொழிலிலேயே அறிந்திருந்தார்கள். சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் ஏற்படுவதற்கு முன், கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்குகளையும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் பலகையோடு பலகையை ஆணி அடித்துச் சேர்ப்பதில்லை. தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த விறைப்பான படகு இந்த அலையில் அடிபட்டால் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்துகொடுத்துத் தப்பும். கயிறு நைந்தால் அதை நீக்கி மறுபடியும் தைத்துக்கொள்வார்கள். அந்தப் படகோட்டிகள்தான் இராயபுரத்தில் அர்ச். இராயப்பருக்கு 1829-இல் ஆலயம் எழுப்பினார்கள். மறைந்துபோகும் என்றிருந்த தையல் வேலை அடியோடு போய்விடவில்லை. அஜந்தாவிலுள்ள 5-ஆம் நூற்றாண்டுச் சித்திரம் ஒன்றைப் பார்த்து, கேரளத்துத் தச்சர்கள் கயிற்றால் தைத்து உண்டாக்கிய கௌண்டின்யா என்ற பாய்க்கப்பலை 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் கார்வாரில் நமது கடற்படை ஏற்றுக்கொண்டது.

இன்னொரு படகைப்பற்றியும் சொல்லவேண்டும். 1986-ஆம் வருஷம் ஜனவரியில், மழையில்லாமல் கலிலேயாக் கடலின் நீர்மட்டம் வெகுவாய் இறங்கியிருந்தது. கினோசர் என்ற ஊரைச் சேர்ந்த மோஷே லூஃபன், யூவல் லூஃபன் என்ற மீன்பிடிக்கும் சகோதரர் இருவர், கரைச் சேற்றில் ஒரு படகின் விளிம்பைக் கண்டார்கள். சுமார் 27 அடி நீளமும் ஏழரை அடி அகலமும் உள்ள அது ஏறக்குறைய 2000 வருஷத்துப் பழமையானது என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. காற்றுப் புகாத சேற்றில் புதைந்திருந்ததால் அழியாமல் தப்பியது. பல வருஷம் மெழுகுக் குளிப்பில் வைத்துப் பதப்படுத்தி, இப்போது அவ்வூரிலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அது சேசுநாதரோ அப்போஸ்தலரோ ஏறிய படகுதான் என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை. அவர்கள் காலத்துப் படகு எப்படி இருந்தது என்பதற்கு அது அத்தாட்சி. அந்தப் படகில் பன்னிரண்டு ஜாதி மரங்கள் இருக்கின்றன! பலகை உடைந்த போதெல்லாம் கைக்குக் கிடைத்த மரத்துண்டை வைத்து அதன் சொந்தக்காரர் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். வேறு பழைய படகுகளின் பலகைகளும் அதில் உண்டு. ஏழைகளின் படகு, ஒட்டுமேல் ஒட்டு. நமது ஆண்டவர் போதனை செய்வதற்கு ஏறி உட்கார்ந்த படகும் இப்படிப்பட்டதாகவே இருந்திருக்கும்.

அவர் தெரிந்துகொண்ட மனிதரும் அப்படிப்பட்டவரே. இராயப்பர் மூன்றுதரம் தம் ஆண்டவரை மறுதலித்தார். உயிர்த்த பிறகு சேசுநாதர் அவரை எப்படிச் செப்பனிட்டார் என்று அருளப்பர் 21-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். மறுதலித்தது கரிநெருப்பின் ஓரத்தில். சுவாமி அவருக்காகக் காத்திருந்ததும் கரையில் மூட்டிய கரிநெருப்பின் ஓரத்தில். கண்டவுடன் கணக்குக் கேட்கவில்லை. இரவெல்லாம் உழைத்துவந்தவர்களை முதலில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடிந்த பிறகே கேள்வி கேட்டார். மூன்று மறுதலிப்புக்கும் மூன்று கேள்வி. உளுத்த இடம் எதுவோ அந்த இடத்தை மாத்திரம் தொட்டார். பிறகு தம்முடைய ஆடுகளை அவர் கையிலேயே ஒப்புவித்தார்.

இனி அந்தப் பின்கட்டின் கதையை முடிக்கிறேன். எல்லாம் சுகமாக முடிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். மே மாதத்தில் ஒருநாள், பழைய சிநேகிதர்கள் அழைத்த ஒரு கலியாண வீட்டில், அண்ணன் மகன் மறுபடியும் குடித்தார். இரவு பதினோரு மணிக்குத் திரும்பி வந்து, உள்ளே வரத் துணியாமல் சந்து முனையில் நின்றார். பெரியவர் செய்ததை அவர் மனைவி எனக்குச் சொன்னாள். கூர்மையான உளிகளையும் வாய்ச்சியையும் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். பிறகு போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்தார். அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் காலையில், "தம்பி, ஏழாவது பலகை பாக்கியிருக்கு" என்று மாத்திரம் சொன்னாராம்.

மறு சனிக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போனேன். இந்தமுறை மந்திரிப்பதற்காக அல்ல. படகின் ஓரத்தில் கட்டைமேல் உட்கார்ந்து, இரண்டு வருஷத்துக்கு முன் கதவைச் சாத்தியதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகுநேரம் பலகையையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் அன்னிக்கு வாடையோட வந்தது தப்புதானே, சாமி" என்றார். ஆளுக்கொரு பங்கு தப்பை ஏற்றுக்கொண்டோம்.

விசுவாசிகளே, இதை வைத்து ஒருவரும் தப்பர்த்தம் செய்துகொள்ளவேண்டாம். அடியை வாங்கிக்கொண்டு பேசாமல் இரு என்று நான் எந்த மனைவிக்கும் சொல்லவில்லை. ஓட்டைப் படகில் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக் கடலுக்கு அனுப்புவது பொறுமையல்ல, மடமை. அவர்கள் கரையில் பத்திரமாய் இருக்க, படகைத் தனியே நிறுத்தித்தான் பழுது பார்க்கவேண்டும். வெகுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம்; சிலருக்கு உயிருக்கே ஆபத்து நேரிடும். ஆகையால் செபம் மாத்திரம் போதுமென்று வீட்டில் அடைத்துவைக்காமல், வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். வைத்தியமும் சர்வேசுரன் நமக்குத் தந்த உதவிதான்.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம். இந்த வாரங்களில் அவர் நம்மோடு பூசைக்கு வருகிறார். யாரென்று நீங்கள் தேடவேண்டாம். அவரைப்போல் வேறு பலரும் வருகிறார்கள். உங்கள் பெஞ்சில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுங்கள்; எழுந்து வேறு இடத்துக்குப் போகாதேயுங்கள். கலியாண வீட்டிலும் சாவு வீட்டிலும், விட்டவன் கையில் கிளாசைத் திணிக்காதேயுங்கள். பட்டறையோ கடையோ வைத்திருக்கிறவர்கள், அரைநாள் வேலையானாலும் கொடுத்துப் பாருங்கள். தன் வீட்டில் கதவு சாத்தப்பட்ட மகனோ, சகோதரனோ, மருமகனோ உள்ளவர்கள், இந்த மாதத்துக்குள் ஒருதரம் போய்ப் பார்த்துவாருங்கள்.

படகு இம்மாதக் கடைசியில் பழவேற்காட்டில் ஏரியில் இறங்கப் போகிறது. இறங்கின முதல் நாள் ஒழுகும் என்று பெரியவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இரண்டு மூன்று நாள் தண்ணீரிலே கிடந்து பலகை ஊறினால்தான் இடுக்குகள் மூடிக்கொள்ளுமாம். அதுவரையில் கூட இருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கவேண்டும். முதல் நாளிலே எட்டிப் பார்க்கிறவன், "நான் அப்போதே சொன்னேனே" என்று போய்விடுவான். நாம் அப்படிப் போகாதிருப்போம். இறைக்கிறவர்களோடு ஒரு கைகொடுப்போம்.

இம்மாதம் 29-ந் தேதி அர்ச். இராயப்பர், அர்ச். சின்னப்பர் திருநாள். ஒருவர் மறுதலித்தவர், மற்றவர் திருச்சபையை உபத்திரவப்படுத்தினவர். இருவரையும் ஆண்டவர் எறிந்துவிடவில்லை. அந்தத் திருநாளுக்கு முன் எல்லாரும் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து, தேவநற்கருணை உட்கொள்ள ஆயத்தமாவீர்களாக. வருஷக்கணக்காய் வராதவர்களும் வரலாம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி முதல் நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். எந்த நிலையில் வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

கலிலேயாக் கடலில் ஏழைகளுடைய படகில் ஏறின சேசுவே, எங்களில் உளுத்ததை எங்களுக்குக் காட்டியருளும். விழுந்தவர்களைத் தொடும்போது எங்கள் கைகளுக்குச் சாந்தத்தைத் தந்தருளும். சமுத்திரத்தின் நட்சத்திரமாகிய தேவமாதாவே, கரையில் கிடக்கிறவர்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.

உங்கள் பங்குக்குரு